ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ரியர்செட்: எதை அளந்து வாங்குவது, எப்படி மாட்டுவது

கால் வைக்கும் பெக், பின் பிரேக் பெடல், கியர் லிவர், இவற்றைத் தாங்கும் அலுமினியத் தட்டு, குதிகால் உள்ளே போய் உரசாமல் தடுக்கும் ஹீல் கார்டு. கம்பெனி கொடுத்த இந்தத் தொகுப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் வெளித் தயாரிப்பைத்தான் ரியர்செட் என்கிறோம். இதை மாட்டினால் கால் பின்னே போகும், பெரும்பாலும் மேலேயும் போகும். புதிதாக வாங்குகிறவர்கள் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்கிவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் பின்னே, எத்தனை மில்லிமீட்டர் மேலே என்பதைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தேவையா என்று பார்ப்பது

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பந்தய ட்ராக்கில் வளைவில் சாய்க்கும்போது பெக் தரையில் உரசலாம். ரப்பர் பெக்கில் பூட்ஸ் வழுக்கலாம். விழுந்து எழுந்ததில் கம்பெனித் தட்டு உடைந்திருக்கலாம். கால் நீளத்துக்கும் பைக்குக்கும் பொருத்தமில்லாமல் இடுப்பு முன்னால் சறுக்கிக்கொண்டே இருக்கலாம்.

உரசல்தான் காரணம் என்றால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பெக் முனை தரையிலிருந்து 350 மி.மீ. உயரத்தில், பைக்கின் நடுக்கோட்டிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 20 மி.மீ. தூக்கினால் கூடுதலாகச் சாய்க்கக் கிடைப்பது ஒன்றரை டிகிரி அளவுதான். அதே பெக்கை 10 மி.மீ. குட்டையாக்கினாலே ஏறக்குறைய ஒரு டிகிரி கிடைத்துவிடும். பல பைக்குகளில் கம்பெனி பெக்கின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு உரசல் போல்ட் தொங்கும். ‘இதற்கு மேல் சாய்க்காதே’ என்று எச்சரிப்பதற்காக வைத்தது அது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ முதல் ட்ராக் நாளில் தரையைத் தொடுவது பெரும்பாலும் அந்தப் போல்ட்தான், பெக் அல்ல. ஆகவே எது உரசியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள். பெக்கின் மேல் முன்பாதத்தை வைக்காமல் நடுப்பாதத்தை வைத்து ஓட்டினால் பூட்ஸ் முனை உரசும். அதற்கு ரியர்செட் மருந்தல்ல. காலை வைக்கும் முறைதான் மாற வேண்டும்.

தினமும் அலுவலகம் போய்வர மட்டுமே பைக் என்றால் எங்கள் பரிந்துரை எளிது: தட்டை விட்டுவிட்டு பெக்கை மட்டும் மாற்றுங்கள். செதுக்கல் வெட்டிய அலுமினிய பெக் வழுக்கலை நிறுத்திவிடும். முழங்கால் மடிப்பும் அதிகமாகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆழமாகச் செதுக்கிய பெக் செருப்பு, கேன்வாஸ் ஷூ அடிகளை அரம்போலத் தேய்த்துவிடும். பூட்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களுக்கே அது சரி.

மரக்கட்டைப் பரிசோதனை

எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பைக்கைப் பேடாக் ஸ்டாண்டில் (பின் சக்கரத்தைத் தூக்கி நேராக நிறுத்தும் தாங்கி) நிறுத்துங்கள். 20 மி.மீ. கனமுள்ள மரத்துண்டு இரண்டை பெக்குகளின் மேல் வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் பூட்ஸும் ரைடிங் பேண்டும் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள். நண்பர் ஒருவர் முன்னால் நின்று பைக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். டேங்கின் மேல் குனிந்த நிலையில் 15 நிமிடம் இருங்கள், அவசரப்படாதீர்கள். முழங்காலின் உள்பக்கம் இழுக்கிறதா, தொடை மரத்துப்போகிறதா, பேண்டின் முழங்கால் மடிப்பு பின்புறம் அழுத்துகிறதா என்று பாருங்கள். இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு காலால் பெக்கை மிதித்து எழும்பிப் பாருங்கள். 20 தாங்கவில்லை என்றால் 10 மி.மீ. கட்டையில் மறுபடி செய்யுங்கள். பின்னே நகர்வதை இப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் உயரத்தில்தான் உடம்பு முதலில் முரண்டு பிடிக்கும், அதனால் இந்த ஒரு அளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

உயரமானவர்கள், குறிப்பாக 5 அடி 10 அங்குலத்துக்கு மேற்பட்டவர்கள், மேலே தூக்காமல் பின்னே மட்டும் 15-25 மி.மீ. போகும் அமைப்பைத் தேடுவது நல்லது. ஏற்கெனவே குதிகால் வலியோ முழங்கால் வலியோ உள்ளவர்களுக்கும் அதே பதில்தான்.

மூன்று வகை

முதல் வகை, மாற்றுத் தட்டு. கம்பெனி பெக், பெடல், லிவர் எல்லாம் அப்படியே இருக்கும். பைக்கின் சட்டத்துக்கும் (ஃப்ரேம்) அவற்றுக்கும் நடுவில் ஒரு தகடு வந்து எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தும். விலை குறைவு, ஆனால் கியர் ராடின் (லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பி) கோணமும் பிரேக் ஹோஸின் நீளமும் பிசகுவது இதில்தான் அதிகம்.

இரண்டாவது, ஒரே நிலையில் பொருந்தும் ரியர்செட். நகர்த்த முடியாது. பாகங்கள் குறைவு, இளகுவதற்கான இடமும் குறைவு. தன் அளவு தெரிந்தவருக்கு இதுவே உறுதியானது.

மூன்றாவது, பல துளை போட்ட, நான்கு முதல் பன்னிரண்டு நிலைகள் வரை மாற்றக்கூடியது. கடையில் அதிகம் விற்பது இதுதான். நல்லதும்கூட, ஆனால் நிலை மாற்றும் வசதிக்காகக் கூடுதல் போல்ட்டுகள் வரும், ஒவ்வொரு போல்ட்டும் இளகக்கூடிய ஒரு இடம். முதல் முறை வாங்குகிறவர் இதை எடுத்து, ஒரு மாதம் ஓட்டி நிலையை முடிவு செய்துவிட்டு அப்புறம் அதைத் தொடாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பைக்கில் பார்க்க வேண்டியவை

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை மாறினால் போல்ட் துளைகள் மாறும். யமஹா ஆர்15 என்றால் 2018-இல் இந்தியாவுக்கு வந்த வி3-யா, 2021-இல் வந்த வி4-ஆ என்று சொல்லியே கேளுங்கள். வி4-இன் சில வகைகளில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டர் இருக்கிறது, வி3-யில் இல்லை. கேடிஎம் ஆர்சி 390-இல் 2014-இன் முதல் தலைமுறையும் 2022-இன் இரண்டாம் தலைமுறையும் சட்டத்திலேயே வேறு. ‘எல்லா ஆர்சி-க்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

குயிக்‌ஷிஃப்டர் சென்சார் கியர் ராடிலேயே உட்கார்ந்திருக்கும் பைக்குகளில், புது ராடில் அந்தச் சென்சார் ஏறுமா, மரை எம்6-தானா (6 மி.மீ. போல்ட் அளவு), ராட் நீளம் போதுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வலது பக்கத்தில் பிரேக் விளக்கு சுவிட்சைப் பாருங்கள். ஸ்ப்ரிங் கோத்து இழுக்கும் வகை என்றால் புதுப் பெடலில் அந்த ஸ்ப்ரிங்கை மாட்ட ஒரு துளையோ கொக்கியோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் திரவ அழுத்தத்தில் இயங்கும் பேன்ஜோ சுவிட்ச் (பிரேக் ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டிலேயே அமைந்த சுவிட்ச்) வாங்க வேண்டிவரும். அதற்கு மரைப் பிட்ச் (மரைகளுக்கு இடையேயான தூரம், மி.மீ.-இல்) முக்கியம்: எம்10-இல் 1.0 பிட்ச், 1.25 பிட்ச் என்று இரண்டும் உண்டு, ஒன்றில் மற்றதை முறுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தைத் திரவ அழுத்தமாக்கும் பாகம்) மரை போய்விடும்.

சைலன்சர் எதில் தொங்குகிறது என்பதும் பலர் தவறவிடும் விஷயம். பல பைக்குகளில் பின்னால் உட்காருபவரின் வலது ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்தான் சைலன்சரையும் பிடித்திருக்கும். ரேஸ் ரியர்செட்டோடு அந்தப் பிராக்கெட் போய்விட்டால் சைலன்சருக்குத் தனி ஹேங்கர் வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. ரோட்டில் ஓடும் பைக்கில் இவை இருந்தாக வேண்டும். கழற்றிய கம்பெனிப் பாகங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

படத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் மூட்டில் இருக்கிறது. கியர் லிவரின் நுனியைப் பிடித்து, அது இயங்க வேண்டிய மேல்கீழ்த் திசையில் அல்லாமல், உங்களை நோக்கியும் எதிர்ப்பக்கமும் அசைத்துப் பாருங்கள். நுனியில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. 3 மி.மீ. ஆடினால் அதை வைத்துவிட்டு வாருங்கள். அந்த ஆட்டம் ஓட்ட ஓட்டக் கூடத்தான் செய்யும், கியர் விழுந்ததா இல்லையா என்ற உணர்வே காலுக்குக் கிடைக்காது. லிவர் எதன் மேல் சுழல்கிறது என்று கேளுங்கள். சீல் வைத்த பேரிங் நல்லது, கிரீஸ் போட்ட வெண்கலப் புஷ்ஷும் நல்லது. அலுமினியத்தின் மேல் அலுமினியமோ, வெறும் இரும்பு போல்ட்டோ என்றால் நம் ஊர் மழையிலும் புழுதியிலும் ஓர் ஆண்டு கூடத் தாங்காது.

உலோகத்தில் இரண்டு அலுமினியக் கலவைகளின் பெயர்கள் காதில் விழும்: 6061-டி6, 7075-டி6. 7075 ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிமை உள்ளது, ஆனால் அரிப்புக்கு எளிதில் இடம் கொடுக்கும், அதனால் மேற்பூச்சு நன்றாக இருக்க வேண்டும். தட்டுக்கு 6061 தாராளமாகப் போதும். எந்தக் கலவை என்றே எழுதாமல் ‘சிஎன்சி’ (கணினி இயக்கும் இயந்திரத்தில் வெட்டியது) என்று மட்டும் அச்சடித்திருப்பதை விலைக்காக வாங்கினால், விழும்போது தட்டு வளையாமல் பட்டென்று உடையலாம். பெரிய பிராண்டுகளின் போலிகளும் ஆன்லைனில் நிறைய உண்டு.

அடுத்த கேள்வி உதிரிபாகம். ரியர்செட் விழுந்தால் முதலில் போவது பெக், அடுத்து லிவர் முனை, பிறகு பெடல் முனை. இவற்றைத் தனித்தனியாக வாங்க முடிகிறதா? அமெரிக்காவின் வுட்கிராஃப்ட் போன்ற ரேஸ் வட்டாரத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு துண்டையும் தனியே விற்கிறார்கள், அதுதான் அவர்கள் பெயரெடுத்ததற்குக் காரணம். இத்தாலியின் ரிசோமா, லைட்டெக், ஜப்பானின் சாட்டோ ரேசிங் ஆகியவையும் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றவை. உங்கள் பைக்குக்கு உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று நல்ல மூட்டோடு, உதிரிபாகத்தோடு கிடைத்தால் தயங்காமல் அதை எடுங்கள். கப்பலில் வரும் பெக்குக்காக ஒன்றரை மாதம் பைக்கை நிறுத்தி வைப்பதை விட அது மேல்.

மடங்கும் பெக்கா, மடங்காததா? ரோட்டுக்கு மடங்குவதே வேண்டும். சாய்ந்த நிலையில் மடங்காத பெக் தரையைக் குத்தினால் பின் சக்கரத்தையே தூக்கிவிடும். ட்ராக்கில் மடங்காத பெக் கூடுதல் பிடிப்பும் உறுதியும் தரும், விழுந்தாலும் கைப்பிடிபோல நின்று எஞ்சின் உறையைக் காப்பாற்றும். பந்தயத்துக்கான எஃப்.ஐ.எம். (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) விதிகள் பெக் முனை குறைந்தது 8 மி.மீ. ஆரமுள்ள உருண்டையாக இருக்க வேண்டும் என்கின்றன. மடங்காத பெக் என்றால் பிளாஸ்டிக் அல்லது டெஃப்ளான் போன்ற பொருளில் நிரந்தர முனை வேண்டும்.

மாட்டும் வேலை

பேடாக் ஸ்டாண்ட், நல்ல எல்-கீ செட், 8, 10, 12 ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), நடுத்தர வலிமையுள்ள நீல த்ரெட்லாக் (போல்ட் இளகாமல் பிடிக்கும் பசை), கிரீஸ், புது ஸ்ப்ளிட் பின் (முனையை மடக்கும் பூட்டு ஊசி), சில கேபிள் டை. இவ்வளவு போதும். எதையும் கழற்றும் முன் இரு பக்கத்தையும் நான்கைந்து கோணங்களில் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அது இருக்கும்.

இடது பக்கத்தில் தொடங்குங்கள். கியர் ஷாஃப்டின் பல்லில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆர்மையும் ஷாஃப்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள், திரும்ப மாட்டும்போது அதே பல்லில் உட்கார அதுதான் அடையாளம். பல பைக்குகளில் ஆர்மைப் பிடிக்கும் போல்ட், ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. அதை இளக்கினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். உருவாமல் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் ஷாஃப்ட் சீல் கிழிந்து ஆயில் கசியும்.

கியர் ராடின் ஒரு முனை நேர் மரை, மறு முனை இடது மரை. நடுவில் ராடைத் திருப்பினால் நீளம் கூடும் அல்லது குறையும். லாக் நட்டில் ஒன்று எதிர்த்திசையில் இளகும், அதை மறந்து பலர் நட்டின் அறுகோண விளிம்பையே மழுக்கிவிடுகிறார்கள். நீளம் சரி செய்யும்போது இரண்டு முனையிலும் எம்6 மரை குறைந்தது 9 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் நீளமான ராட் வாங்குங்கள், நுனி மரையில் தொங்கவிட வேண்டாம்.

கோணம்தான் இங்கே முக்கியம். லிவர் ஓய்வில் இருக்கும்போது ராடும் ஷாஃப்ட் ஆர்மும் சேருமிடம் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், லிவர் பக்கமும் அப்படியே. 60 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஒரு திசையில் கியர் லேசாக விழும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் பொய் நியூட்ரல் (எந்தக் கியரும் பிடிக்காமல் நிற்பது) விழுவதற்கு இது ஒரு பொதுவான காரணம், ஆனால் பழி கியர்பாக்ஸின் மேல் விழும். ஆர்மை ஒரு பல் தள்ளி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசியாக இரண்டு லாக் நட்டுகளையும் இறுக்கும்போது ராட் முனைகளில் உள்ள பந்து மூட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இறுக்கிய பிறகு ராடை விரலால் பிடித்து உருட்டினால் இரு பக்கமும் ஒரே அளவு, கொஞ்சமாவது திரும்ப வேண்டும். கல்லுபோல நின்றால் மூட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ரேஸ் ஷிஃப்ட், அதாவது முதல் கியர் மேலே மற்றவை கீழே, வேண்டுமென்றால் ஷாஃப்ட் ஆர்மை 180 டிகிரி திருப்பியோ, லிவரில் எதிர்ப்பக்கத் துளையில் ராடை மாட்டியோ செய்யலாம். திருப்பிய ஆர்ம் சட்டத்தில் இடிக்கிறதா என்று எல்லாக் கியரிலும் பாருங்கள். குயிக்‌ஷிஃப்டர் சென்சார் இழுவையை உணர்கிறதா, தள்ளலை உணர்கிறதா என்பதும் இதனால் மாறும், அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் அது வேலை செய்யாது. வீட்டில் வேறு பைக்கும் ஓட்டுகிறவர்கள் ரோட்டு பைக்கில் இதைச் செய்ய வேண்டாம். அவசரத்தில் காலுக்குப் பழைய வழக்கம்தான் வரும்.

வலது பக்கம், பொறுமையாக

மாஸ்டர் சிலிண்டரைத் தட்டிலிருந்து கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் கேபிள் டையால் சட்டத்தோடு கட்டுங்கள். முடிந்தவரை ஹோஸைத் திறக்காமலே வேலையை முடியுங்கள். ஏபிஎஸ் உள்ள பைக்கில் காற்று மாடுலேட்டருக்குள் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டால் சாதாரணமாக ப்ளீட் செய்து (திரவத்தோடு காற்றை வெளியேற்றி) எடுக்க முடியாமல் சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவி தேவைப்படலாம். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஆகவே உங்கள் பைக் பெரும்பாலும் இந்த வகைதான். பேன்ஜோ போல்ட்டைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாஷரும் புதிதாகப் போடுங்கள்.

இனி சொல்வதை மட்டும் யாரும் அவசரமாகப் படிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வந்து நின்றால்தான், மேலே உள்ள ரிசர்வாயருக்கும் உள்ளே உள்ள திரவத்துக்கும் நடுவில் ஒரு நுண்துளை திறந்திருக்கும். பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடை ஒரு சுற்று அதிகமாக நீட்டி பெடலை உயர்த்திவிட்டால் பிஸ்டன் இம்மியளவு உள்ளேயே நிற்கும், துளை அடைபடும். ஓடும்போது திரவம் சூடேறி விரியும், போக வழியில்லாமல் பேடைத் தள்ளும். பேட் டிஸ்க்கை உரசும், சூடு இன்னும் ஏறும். சில கிலோமீட்டரில் பின் சக்கரம் தானாகவே பூட்டிக்கொள்ளும். பெடலை மிதிக்காமலே நடக்கும் விபத்து இது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பெடலின் மேல் நிறுத்தப் போல்ட்டால் உயரத்தை அமையுங்கள். பெக்கின் மேல் பூட்ஸை வைத்தால் பெடல் முனை பாத அடிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அதன் பிறகே புஷ் ராட் நீளம். பெடல் நுனியை விரலால் லேசாக அழுத்தினால் பிஸ்டனைத் தொடும் முன் 2-3 மி.மீ. வெற்று அசைவு தெரிய வேண்டும். புஷ் ராட் சிலிண்டருக்குள் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்தால் சீல் ஒருபக்கம் தேய்ந்து கசியும். லாக் நட்டை இறுக்கி, புஷ் ராடைப் பெடலோடு கோக்கும் கிளெவிஸ் பின்னில் புது ஸ்ப்ளிட் பின் போட்டு இரு காலையும் மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டால் அது உடையும்.

போல்ட்டுகளில் த்ரெட்லாக் ஒரு சொட்டு போதும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். அலுமினியத்தில் போகும் எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 22 நியூட்டன் மீட்டர் அளவு வழக்கமானது, உங்கள் பைக்கின் மேனுவலும் ரியர்செட் தாளும் வேறு எண் சொன்னால் அதுவே சரி. மூட்டு போல்ட்டில் த்ரெட்லாக் மரையில் மட்டும், வெண்கலப் புஷ் மேல் படக்கூடாது.

ஓட்டும் முன்பும் பின்பும்

சாவியைத் திருப்பி, பின் பெடலை மெல்ல அழுத்தி, பிரேக் விளக்கு எப்போது எரிகிறது என்று பாருங்கள். பேட் பிடிக்கத் தொடங்கும் முன்பே எரிய வேண்டும். ஸ்டாண்டில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, பெடலை மிதித்து விட்டு, மறுபடி சுற்றுங்கள், உடனே விடுபட வேண்டும். ஒருவர் சீட்டின் மேல் பலமாக அழுத்தட்டும், மற்றவர் ஹீல் கார்டு, புஷ் ராட், ஹோஸ், ஏபிஎஸ் வயர் ஆகியவை பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு எத்தனை நெருக்கமாக வருகின்றன என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். 5 மி.மீ. இடைவெளியாவது எப்போதும் இருக்க வேண்டும். இடது பக்கத்தில் செயினுக்கும் ராடுக்கும் 10 மி.மீ.

முதல் ஓட்டம் பத்து நிமிடம், வெறிச்சோடிய ரோட்டில், பின் பிரேக்கைத் தொடாமல். திரும்பி வந்ததும் பின் டிஸ்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புஷ் ராடைச் சுருக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம்.

எல்லாப் போல்ட்டின் தலையிலும் தட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். 100 கி.மீ. ஆனதும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு செயினுக்கு எண்ணெய் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை. மழைக்காலம் முடிந்ததும் லிவர், பெடல் இரண்டையும் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வையுங்கள். பந்து மூட்டில் மண் ஏறி முனகத் தொடங்கினால் கிரீஸ் போட்டுக் காப்பாற்ற முயலாமல் அந்த மூட்டையே மாற்றிவிடுங்கள், எம்6 மூட்டு ஒன்றின் விலை அதிகமில்லை.